‘டேக் ஃபைவ்’ யாருடைய உருப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’ இசைத்தட்டைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு படித்தேன். இரண்டாம் முறை பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்று ஜாஸ் இசைக்கு முக்கால் பக்கம் ஒதுக்குவது அபூர்வம் என்பதால், அதில் நுழைந்துவிட்ட மூன்று பிழைகளைச் சுட்டிக்காட்டுவதைக் குற்றம் கண்டுபிடிப்பதாகக் கட்டுரையாளர் எடுத்துக்கொள்ளமாட்டார் என்று நம்புகிறேன். ‘டேக் ஃபைவ்’ என்ற புகழ்பெற்ற உருப்படியைப் பியானோ கலைஞரான புரூபெக் இயற்றினார் என்பது முதல் பிழை. அவர் 1958ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தபோது கேட்ட கண்ட சாப்பு என்ற ஐந்து மாத்திரைத் தாளமே அந்த உருப்படியாக உருவெடுத்தது என்பது இரண்டாவது. அதுவரை ஜாஸ் இசை நான்கு அடித் தாளத்தைத் தாண்டியதே இல்லை என்பது மூன்றாவது.

மூன்றாவதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். ஃபேட்ஸ் வாலரின் ‘ஜிட்டர்பக் வால்ட்ஸ்’ மூன்று அடித் தாளத்தில் 1942ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் 1957ஆம் ஆண்டில் ஓர் இசைத்தட்டு முழுவதையும் மூன்று அடியிலேயே பதிவு செய்தார். ஆகவே நான்கை விட்டு முதலில் வெளியே வந்தவர் புரூபெக் அல்லர். நான்கை விட்டு வெளியே வருவதையே ஓர் இசைத்தட்டின் பொருளாக வைத்து, அதைக் கடைத்தெருவில் விற்றும் காட்டினார் என்பதுதான் அவருடைய சாதனை; அதுவும் சிறிய சாதனை இல்லை.

முதல் பிழைக்கு வருகிறேன். ‘டேக் ஃபைவ்’ உருப்படியை இயற்றியவர் பால் டெஸ்மண்ட். நால்வர் அடங்கிய அந்தக் குழுவில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர் அவர். இசைத்தட்டின் உறையிலும் இயற்றியவர் என்ற இடத்தில் அவர் பெயரே அச்சாகியிருக்கிறது. குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ ஐந்து அடித் தாளத்தில் வாசித்துப் பழகிவந்தார் என்றும், அந்தத் தாளத்துக்கு ஏற்ப ஏதாவது எழுதி வரும்படி டெஸ்மண்டிடம் தான் கேட்டதாகவும், அவர் இரண்டு தனித்தனி மெட்டுகளைக் கொண்டுவர, அவற்றை முன்பின்னாக அடுக்கி ஓர் உருப்படியாக்கும் வழியைத் தான் சொன்னதாகவும் புரூபெக்கே பின்னாளில் விவரித்திருக்கிறார். தாளத்தின் யோசனை மொரெல்லோவுடையது, மெட்டு டெஸ்மண்டுடையது, கட்டுமானத்தில் ஒரு கை புரூபெக்குடையது என்று சொன்னால் மூவருக்கும் நியாயம் செய்ததாகும். பெயரில் ஒரு சிலேடையும் இருக்கிறது. ஐந்து நிமிடம் இளைப்பாறிவிட்டு வாருங்கள் என்று ஒத்திகையின் நடுவே சொல்லும் வழக்குச் சொல்தான் ‘டேக் ஃபைவ்’; அதற்குள் தாளத்தின் ஐந்தும் ஒளிந்திருக்கிறது.

இது வெறும் பெயர் விவகாரம் இல்லை, இதில் பணமும் இருக்கிறது. தன் காலத்துக்குப் பிறகு இந்த உருப்படிக்கு வரும் உரிமைத்தொகை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சேர வேண்டும் என்று டெஸ்மண்ட் எழுதி வைத்தார். 1977ஆம் ஆண்டு அவர் காலமானார். உலகத்தில் எங்கோ ஒரு காப்பிக் கடையில் அந்த மெட்டு ஒலிக்கும்போது அதன் பயன் இன்றும் அந்தச் சங்கத்துக்குப் போய்ச் சேருகிறது. இத்தனை பெரிய கொடையாளியின் பெயரை விட்டுவிட்டு அவருடைய மெட்டை மட்டும் புகழ்வது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

கட்டுரையில் ‘டேக் ஃபைவ்’ உருப்படியில் புரூபெக்கின் விரல்கள் நிகழ்த்தும் மாயாஜாலம் என்று ஒரு வரி வருகிறது. அந்த உருப்படியை ஒரு முறை காது கொடுத்துக் கேட்டவர் அப்படி எழுதியிருக்கமாட்டார் என்று மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இசைத்தட்டில் உள்ள அந்தப் பதிவில் புரூபெக் தனியாக வாசிக்கவே இல்லை. முதல் நொடிகளில் டிரம்ஸ் தொடங்கி, அதன் மேல் பியானோ வந்து உட்கார்ந்த பிறகு, கடைசிவரை அவர் இரண்டே சுரக்கட்டுகளை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டங்களை, மாற்றி மாற்றி, மூன்று அடி ஒன்று, இரண்டு அடி ஒன்று என்று அதே எடையில் வாசித்துக்கொண்டே இருக்கிறார். மெட்டின் நடுப்பகுதியில் மட்டும் சுரக்கட்டுகள் மாறுகின்றன. அது முடிந்ததும் பழைய இரண்டுக்கே திரும்பிவிடுகிறார். முதலில் டெஸ்மண்டின் சாக்ஸபோன் மனோதர்மமாக உலாவுகிறது. பிறகு இரண்டு நிமிடத்துக்கு மேல் மொரெல்லோவின் தனி. அந்தத் தனி நடக்கும்போதும் பியானோ அந்த இரண்டு சுரக்கட்டுகளை விடுவதில்லை.

நம் கச்சேரி மேடையில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது பாடகர் என்ன செய்கிறார்? மிருதங்கக்காரர் எந்தக் கணக்கில் எங்கே போனாலும், பாடகர் வாயை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டபடி, இடம் தவறாமல் காத்து நிற்கிறார். புரூபெக் செய்வது அதுவேதான். மொரெல்லோ அவசரப்படாமல் இடைவெளி விட்டு அடிக்கிறார். ஓர் அடியை வேண்டுமென்றே தாமதிக்கிறார். இரண்டு மூன்று ஆவர்த்தனங்களைச் சேர்த்து ஒரே வாக்கியமாக நீட்டுகிறார். சில இடங்களில் பெரிய டிரம்மின் ஒற்றைத் தட்டு மட்டும் கேட்கிறது, சுற்றிலும் மௌனம். அந்த மௌனத்தைத் தைரியமாக விட முடிவதற்குக் காரணம், பின்னால் பியானோ தாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது. குழுவின் தலைவர், இசைத்தட்டில் தன் பெயர் பெரிய எழுத்தில் இருப்பவர், அந்தத் தட்டின் மிகப் புகழ்பெற்ற ஐந்து நிமிடங்களில் தாளம் போடும் ஆளாக உட்கார்ந்திருந்தார் என்பதே அவரைப் பற்றிச் சொல்லத்தக்க பெரிய செய்தி. மாயாஜாலம் என்ற ஒரு சொல் அதை அழித்துவிடுகிறது.

இரண்டாவது பிழைதான் என்னை எழுதத் தூண்டியது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஏற்பாட்டில் 1958ஆம் ஆண்டு புரூபெக்கின் குழு போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை, ஈரான், ஈராக் என்று நீண்ட பயணம் மேற்கொண்டது; சென்னையிலும் வாசித்தது. இதெல்லாம் உண்மை. நம் ஊர்த் தாள வாத்தியக் கலைஞர்களின் கணக்கு வழக்கு அவர்களை வியப்பில் ஆழ்த்தியது என்பதும், நான்கு அடிக்கு வெளியே ஓர் இசைத்தட்டு செய்யும் எண்ணத்துக்கு அந்தப் பயணம் முழுவதுமே உரமாயிற்று என்பதும் உண்மை. ஆனால் அதிலிருந்து சென்னை, கண்ட சாப்பு, ‘டேக் ஃபைவ்’ என்று நேர்க்கோடு போடுவதற்கு ஆதாரம் இல்லை. அந்த உருப்படியை எழுதியவரும் புரூபெக் இல்லை என்னும்போது, அவர் எங்கே எதைக் கேட்டார் என்பது அதன் பிறப்புக்குச் சான்றாகவும் ஆகாது.

ஆவணத்தை விட்டுவிட்டுக் காதை மட்டும் நம்பினாலும் அந்தக் கோடு நிற்பதில்லை. நான் பள்ளி நாட்களில் ஐந்தாறு ஆண்டுகள் மிருதங்கம் கற்றுக்கொண்டேன். உறவினர் ஒருவர் கொடுத்த ஒலிநாடாவில் ‘டேக் ஃபைவ்’ இருந்தது. ஐந்துதானே, நமக்குத் தெரிந்த ஐந்துதானே என்ற பெருமையோடு அதை என் ஆசிரியருக்குப் போட்டுக் காட்டி, கண்ட சாப்பு தாளத்தைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் வெற்றிலையை மடித்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்து நிறுத்தி, “நீ தக தகிடன்னு போடறே, அவன் தகிட தகன்னு வாசிக்கிறான், எண்ணிக்கை ஒண்ணுதான், உட்கார்ற இடம் வேற” என்றார். மறுபடி போட்டுக் கேட்டபோது எனக்கே வெட்கமாக இருந்தது. கண்ட சாப்பு இரண்டும் மூன்றுமாகப் பிரிகிறது. ‘டேக் ஃபைவ்’ மூன்றும் இரண்டுமாகப் பிரிகிறது. முதல் அடியிலும் நான்காவது அடியிலும் எடை விழுகிறது. நான் இரண்டுக்குப் பிறகு தட்டியபோதெல்லாம் அங்கே பியானோவுக்கு எடையே இல்லை.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒவ்வோர் அடிக்குள்ளும் இருக்கிறது. சாப்பு தாளத்தில் உள்மாத்திரைகள் சமமாக ஓடுகின்றன. ஜாஸில் ஓர் அடி சமமான இரண்டு பாதிகளாகப் பிரிவதில்லை. முன்பாதி நீண்டு, பின்பாதி குறுகி, ஏறத்தாழ மூன்றின் நடையான திஸ்ரத்தின் இரண்டும் ஒன்றும் போல ஓர் ஊஞ்சல் ஆடுகிறது. மொரெல்லோ சிம்பல் என்ற உலோகத் தாளத்தட்டில் வாசிக்கும் அந்த ஊஞ்சல்தான் உருப்படியின் உயிர். ஐந்து என்ற எண்ணிக்கையை வைத்து இரண்டையும் ஒன்று என்று சொல்வது, இரண்டு வீடுகளுக்கும் ஐந்து படிகள் இருப்பதால் இரண்டும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம் என்று சொல்வதைப் போன்றது.

இசைத்தட்டில் பயணத்தின் தடம் வெளிப்படையாக இருக்கும் உருப்படி வேறு. முதல் பக்கத்தின் தொடக்கமான ‘புளூ ரோண்டோ ஆ லா டர்க்’ புரூபெக் தாமே இயற்றியது. அதன் ஊற்று அவர் இஸ்தான்புல் தெருவில் கேட்டது. அங்கே தெருக்கலைஞர்கள் ஒன்பது மாத்திரைகளை இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரித்து வாசித்ததைக் கேட்டு, உள்ளூர் இசைக்கலைஞர்களிடம் விசாரித்தபோது, உங்களுக்கு புளூஸ் எப்படியோ எங்களுக்கு இது அப்படி என்று அவர்கள் சொன்னதாகப் புரூபெக் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். பெயரில் உள்ள ‘புளூ’ அங்கிருந்து வந்ததுதான். பெயரைப் பார்த்து மோட்ஸார்ட்டின் புகழ்பெற்ற துருக்கிய ரோண்டோவைத் தழுவியது என்று நினைப்பவர்களும் உண்டு. மெட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. துருக்கியர்கள் இவ்வகைத் தாளத்தை ‘அக்சக்’ என்கிறார்கள். நொண்டுவது என்று பொருள்.

இதை வாசகர்கள் கையில் தட்டியே பார்க்கலாம். தக தக தக தகிட என்று மூன்று முறை சொல்லிவிட்டு, நான்காம் முறை தகிட தகிட தகிட என்று சொல்ல வேண்டும். நான்கு ஒன்பதுகள், ஆக 36 மாத்திரைகள். மூன்று முறை நொண்டிய கால் நான்காம் முறை சரியாக ஊன்றி நடக்கிறது. உடனே மறுபடி நொண்டத் தொடங்குகிறது. மெட்டு இப்படி இறுகிக்கொண்டே போய், திடீரென்று கதவைத் திறந்துவிட்டது போல நான்கு அடி புளூஸ் நடைக்குள் விழுகிறது. சாக்ஸபோன் இரண்டு வாக்கியம் நான்கில் பேசும், பியானோ ஒன்பதில் குறுக்கிடும். மறுபடி நான்கு, மறுபடி ஒன்பது. அதன் பிறகே முழுதாக நான்கில் மனோதர்மம் தொடங்குகிறது. தக தக தக தகிட என்பதை ஒன்பது மாத்திரை கொண்ட நம் சங்கீர்ணத்தின் தகதிமி தகதகிடவோடு பொருத்திப் பார்த்தால் கணக்கு சரியாகவே பொருந்தும். கட்டுரையாளரின் வழியில் போனால் இதையும் நமக்குச் சொந்தம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இயற்றியவர் துருக்கியின் பெயரை உருப்படியின் தலைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

இந்தியப் பயணத்தை அவர் மறந்துவிடவும் இல்லை. பயணத்தில் கேட்டவற்றை வைத்து அந்த ஆண்டிலேயே ‘ஜாஸ் இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் யூரேஷியா’ என்று ஒரு தனி இசைத்தட்டு வெளியிட்டார். அதில் ‘கல்கத்தா புளூஸ்’ என்று ஓர் உருப்படி உண்டு. இந்தியாவின் சாயலைத் தேடுகிறவர்கள் அங்கே போய்த் தேடலாம். கிடைப்பது கல்கத்தாதான், சென்னை இல்லை. அதற்கு நாம் என்ன செய்ய முடியும்?

‘டேக் ஃபைவ்’ உருப்படியையும் புரூபெக் தலையில் கட்டுவதால் அவருக்கு நேரும் நட்டத்தையும் சொல்ல வேண்டும். தட்டில் உள்ள ஏழு உருப்படிகளில் மற்ற ஆறும் அவர் இயற்றியவை. கட்டுரையில் அவற்றுக்கு ஒரு பத்திகூடக் கிடைக்கவில்லை. ‘ஸ்டிரேஞ்ச் மெடோ லார்க்’ தாளமே இல்லாமல் பியானோ மட்டும் நிதானமாகப் பாடுவதாகத் தொடங்குகிறது. ஆலாபனை கேட்டுப் பழகிய காதுகளுக்கு அந்த முதல் இரண்டு நிமிடங்கள் அந்நியமாகவே தோன்றாது. ‘த்ரீ டு கெட் ரெடி’ குழந்தைப் பாட்டு போன்ற ஒரு மூன்று அடி மெட்டைச் சொல்லிவிட்டு, பிறகு மூன்றில் இரண்டு, நான்கில் இரண்டு என்று மாற்றி மாற்றி நடக்கிறது. தகிட தகிட தகதிமி தகதிமி என்று தட்டிக்கொண்டு கேட்டால், நான்கு வரும் இடத்தில் நம் கை ஓர் அடி முன்னதாகவே விழுந்து ஏமாறும். ‘பிக் அப் ஸ்டிக்ஸ்’ ஆறு அடியில், பேஸ் கலைஞர் யூஜீன் ரைட் ஆறு சுரங்களை ஓயாமல் சுற்றிச் சுற்றி வாசிக்க, அதன் மேல் எழுகிறது. ‘எவ்ரிபடீஸ் ஜம்பின்’ மட்டும் இல்லாதிருந்தாலும் எனக்குக் குறை தோன்றியிருக்காது. புரூபெக்கின் கைகள் சில இடங்களில் சுரக்கட்டுகளை இடித்துத் தள்ளுகின்றன என்ற பழைய விமர்சனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் டெஸ்மண்டின் பஞ்சு போன்ற ஒலிக்குப் பக்கத்தில் அந்த இடிப்பும் ஒரு தேவையாகவே படுகிறது.

இந்தத் தட்டைக் கொண்டுவர அவர் பட்ட பாட்டையும் கட்டுரை தொடவில்லை. நியூயார்க்கில் 30ஆம் தெருவில் தேவாலயமாக இருந்த கட்டடத்தில் கொலம்பியா நிறுவனம் நடத்திவந்த ஒலிப்பதிவுக் கூடத்தில், 1959ஆம் ஆண்டு ஜூன் 25, ஜூலை 1, ஆகஸ்ட் 18 ஆகிய மூன்று நாட்களில் இது பதிவாயிற்று. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ அதே கூடத்தில் பதிவாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. எல்லாமே புதிய உருப்படிகள், மக்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை, ஆட வருகிறவர்களுக்குக் கால் தடுமாறும் தாளங்கள், உறையில் கலைஞர்களின் படத்துக்குப் பதிலாக நீல் ஃபுஜிடா வரைந்த அரூப ஓவியம்: நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு விரும்பாத அத்தனையும் இதில் இருந்தன. மக்கள் அறிந்த அமெரிக்கத் தென்மாநிலப் பாடல்களை வைத்து ஒரு தட்டைப் பதிவு செய்து கொடுத்த பிறகே இதற்கு வழி பிறந்தது என்றும், நிறுவனத் தலைவர் காடர்ட் லீபர்சன் பக்கபலமாக நின்றதாலேயே வெளிவந்தது என்றும் புரூபெக் சொல்லியிருக்கிறார். டிசம்பரில் வெளியான தட்டு 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘பில்போர்டு’ இசைத்தட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. ‘டேக் ஃபைவ்’ தனித்தட்டு பொதுப் பாடல்களின் பட்டியலிலேயே 25ஆம் இடத்துக்கு வந்தது. பாடலும் சொல்லும் இல்லாத ஓர் ஐந்து அடி ஜாஸ் உருப்படிக்கு அந்த இடம் கிடைத்ததை இன்று நினைத்தாலும் நம்ப முடியவில்லை.

யூஜீன் ரைட்டின் பெயர் கட்டுரையில் எங்குமே இல்லை. நால்வரில் அவர் ஒருவரே கறுப்பினத்தவர். இசைத்தட்டு வெளிவந்த உடனே, 1960ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தென்மாநிலக் கல்லூரிகளில் குழு வாசிப்பதாக ஏற்பாடாகியிருந்தது. ரைட்டுக்குப் பதிலாக வெள்ளையர் ஒருவரை அழைத்துவரும்படி பெரும்பாலான கல்லூரிகள் கேட்டன. புரூபெக் மறுத்துவிட்டு, அத்தனை நிகழ்ச்சிகளின் வருமானத்தையும் இழந்தார். அவரைப் புகழ வேண்டும் என்று விரும்பும் கட்டுரையாளருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடைத்திருக்காது.

ஆகவே, ‘டேக் ஃபைவ்’ பால் டெஸ்மண்ட் இயற்றியது என்றும், கண்ட சாப்பு பற்றிய வாக்கியம் நீக்கப்படுகிறது என்றும் அடுத்த ஞாயிறு மலரில் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். அச்சில் ஏறிய பிழை எளிதில் இறங்காது என்பதற்கு இந்த இசைத்தட்டே சாட்சியாக இருக்கிறது. ஐந்தாவது உருப்படியைப் புரூபெக் தன் சிறு மகள் கேத்தியின் பெயரால் அழைத்தார். உறையில் அந்தப் பெயரின் முதல் ஆங்கில எழுத்து C என்பதற்குப் பதிலாக K என்று தவறாக அச்சாகிவிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மறுபதிப்புகளில் அது அப்படியே தொடர்ந்துவருகிறது. தமிழில் எழுதினால் மட்டும் இரண்டு எழுத்துக்கும் ‘கே’ ஒன்றுதான் என்பதால், அந்த ஒரு பிழையைத் தங்கள் கட்டுரை செய்ய முடியாமல் போயிற்று.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.